ஆயில் மாத்தினியா?

அப்துல் அஹத் சவூதியில் இருந்த அத்தனை வருஷமும் மனைவியோடு நடத்திய குடும்பத்தை ஒரே ஒரு கேள்வியில் அடக்கிவிடலாம். “வண்டிக்கு ஆயில் மாத்தினியா?”

கேட்க வேறு எதுவும் இல்லாமல் இல்லை. ஆனால் தம்மாமில் ஒரு பெரிய வீட்டின் பின்கட்டில் டிரைவர், சமையல்காரர், தோட்டக்காரர் எல்லாருக்கும் சேர்த்து ஒரே அறை. அங்கே கட்டிலோரம் உட்கார்ந்து பெண்டாட்டியிடம் ஆசையாக நாலு வார்த்தை பேசினால் பக்கத்துக் கட்டிலிலிருந்து இருமல் கேட்கும். கோபமாகப் பேசினாலோ, போனை வைத்த பிறகு மனசு கிடந்து அடித்துக்கொள்ளும். உடனே ஓடிப்போய்ச் சமாதானம் சொல்ல திருச்சி ஆழ்வார்தோப்பு என்ன அடுத்த தெருவா? அதனால் யாருக்கும் வலிக்காத பேச்சாகத் தேடி, திருச்சியில் தன் வீட்டு வாசலில் நிற்கும் பழைய டீசல் காரைப் பிடித்துக்கொண்டார். “ஆயில் மாத்தினியா?” என்பார். “மாத்திட்டேங்க” என்பாள் ஷரீபா. வீடு நன்றாக இருக்கிறது, மகள் ஒழுங்காகப் படிக்கிறாள், உங்கள் அம்மாவுக்கு வேளாவேளைக்கு மருந்து கொடுக்கிறேன், உங்களை மறக்கவில்லை என்பதெல்லாம் அந்த ஒரு பதிலுக்குள் இருப்பதாக அவராகவே எடுத்துக்கொண்டு நிம்மதியாகப் படுப்பார்.

மனுஷன் ஒன்றும் கெட்டவர் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. இனிமேல் அவர் செய்யப்போகிற காரியங்களைப் பார்த்தால் உங்களுக்கு எரிச்சல்தான் வரும்.

அந்தக் காரை ஒரு லீவில் வந்தபோது அவரே பார்த்து வாங்கினார். அப்போதே அது கைமாறிக் கைமாறி வந்த வண்டி. அம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக வேண்டும், ஆட்டோவில் ஏறி இறங்க அவருக்கு முடியவில்லை என்பதுதான் காரணம். ஓட்டுவதற்கு வைத்த ஆள் ஒருநாள் வந்தால் மறுநாள் வரமாட்டான். பொறுத்துப் பொறுத்துப் பார்த்த ஷரீபா, ஒருநாள் தானே போய் டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்துவிட்டாள். ஆழ்வார்தோப்பு கொஞ்ச நாள் வாயில் கைவைத்துப் பார்த்தது. பிறகு பிரசவ வலி எடுத்த பெண்ணுக்கும் மூட்டுவலிக்காரப் பெரியம்மாவுக்கும் “ஷரீபாவைக் கூப்பிடுங்க, பொம்பளை ஓட்டுற வண்டி” என்று அதே தெருதான் ஆள் அனுப்பியது. மாமியார் மௌத்தான பிறகும் வண்டி நிற்கவில்லை. அதுவே அவள் பிழைப்பாகிவிட்டது.

அவளுடைய வாடிக்கைக்காரர்களில் முக்கியமானவர் ரெங்கம்மாள். தொட்டியத்துப் பக்கம் வாழைத்தோட்டம் வைத்திருக்கும் குடும்பம். சிறுநீரக வைத்தியத்துக்காக ஸ்ரீரங்கத்தில் அடையவளஞ்சான் வீதியில் வாடகைக்கு வந்து இருக்கிறார். வாரத்தில் மூன்று நாள் அவரைத் தில்லைநகருக்கு டயாலிசிஸுக்குக் கூட்டிப்போய், முடியும்வரை காத்திருந்து, திரும்பக் கொண்டுபோய் விடுவது ஷரீபாவின் வேலை. அவள் கைகொடுத்து இறக்கினால்தான் ரெங்கம்மாள் இறங்குவார்.

இந்த நிலையில்தான் அஹத் எல்லாவற்றையும் முடித்துக்கொண்டு ஒரேயடியாக ஊர் திரும்பினார். வந்த மறுநாள் காலை டீயைக் குடித்துவிட்டு வாசலுக்குப் போனார். மகள் இக்ரா துவாக்குடியில் காலேஜ் ஹாஸ்டலில் இருந்தாள். வீட்டில் பேச ஆள் ஷரீபா மட்டும்தான். நேரில் என்ன பேசுவதென்று அவருக்குத் தெரியவில்லை. பழகிய பேச்சு ஒன்று இருக்கிறதே, அதிலேயே ஆரம்பிப்போம் என்று காரின் பானெட்டைத் திறந்தார்.

“ஷரீபா, கடைசியா ஆயில் எப்ப மாத்தினே?”

“போன வாரம்ங்க. நீங்க வர்றீங்கன்னு தவணைக்கு ரெண்டு நாள் முன்னாடியே மாத்திட்டேன்” என்று அவளும் வாசலுக்கு வந்து நின்றாள். குரலில் கொஞ்சம் பெருமை இருந்தது.

அஹத் சட்டைப் பையிலிருந்து ஒரு வெள்ளை டிஷ்யூ பேப்பரை எடுத்தார். இது அவர் கபீலிடம் கற்ற வித்தை. தம்மாமில் அந்த முதலாளி, ஆயில் மாற்றியாகிவிட்டது என்று டிரைவர் சொன்னால் தலையாட்டிவிட்டுப் போகிறவர் அல்ல. தானே இறங்கி வந்து, எஞ்சினிலிருந்து ஆயில் பார்க்கும் அளவுகோலை உருவச் சொல்லி, டிஷ்யூவில் துடைத்துப் பார்ப்பார். தேன் நிறத்தில் இருந்தால் ஒன்றும் சொல்லாமல் உள்ளே போவார். ஒவ்வொரு தடவையும் அந்த வெயிலில், கையில் எண்ணெயோடு, திருடன் மாதிரி அஹத் நிற்க வேண்டியிருக்கும். அந்த வீட்டில் இருந்ததெல்லாம் பெட்ரோல் வண்டிகள். அஹத் வாழ்நாளில் ஒரு டீசல் வண்டிக்குத் தன் கையால் ஆயில் மாற்றியதில்லை.

கோலை உருவித் துடைத்தார். டிஷ்யூ தார் பூசியது போல ஆனது.

“இதுவா போன வாரம் மாத்துனது?”

“ஆமாங்க. டீசல் வண்டி. ஒருநாள் ஓடினாலே கருத்துடும்.”

“எனக்கே சொல்றியா? நான் அங்க என்ன ஒட்டகமா மேச்சுக்கிட்டு இருந்தேன்?”

சரி, கிலோமீட்டர் கணக்காவது பார்ப்போம் என்று உள்ளே எட்டிப் பார்த்தால், மீட்டர் எந்தக் காலத்திலோ நின்றுபோயிருந்தது. “அப்ப எதை வெச்சு மாத்துவே?” என்று கேட்டார்.

“மூணு பிறைக்கு ஒருதடவை மாத்திடுவேங்க. ஓட்டமெல்லாம் கிட்டக் கிட்டத்தான். ஆஸ்பத்திரி வாசல்ல ஏசி போட்டுக்கிட்டே நிக்கிறதுதான் அதிகம். மாசக் கணக்குதான் இதுக்கு ஒத்துவருது.”

“நோன்புக்குப் பிறை பாப்பாங்க, பெருநாளைக்குப் பிறை பாப்பாங்க. ஆயிலுக்குப் பிறை பாத்தவ நீ ஒருத்திதான்” என்று சிரித்தார் அஹத். சிரிப்பு பாதியிலேயே நின்றது. கறுத்த டிஷ்யூவை அவள் முகத்துக்கு நேரே பிடித்தார். “உண்மையைச் சொல்லு ஷரீபா. மாத்தவே இல்லதானே?”

ஷரீபா டிஷ்யூவைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். “சொல்லிட்டேங்க” என்று உள்ளே போய்விட்டாள். தன் நியாயத்தை இரண்டாம் தடவை சொல்லிக் கெஞ்சுகிற பழக்கம் அவளுக்குக் கிடையாது. கெஞ்சினால்தான் நம்புவார்கள் என்றால் அந்த நம்பிக்கை வேண்டவே வேண்டாம் என்கிற ரகம்.

ஒரு ஆயில்தானே, விட்டுத் தொலைத்திருக்கலாம். அஹதால் முடியவில்லை. போனில் கேட்ட ‘மாத்திட்டேங்க’ எல்லாம் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தது. கண் முன்னால் இப்படி முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறவள், கடல் தாண்டி இருந்தவனிடம் என்னென்ன மறைத்திருப்பாள்? மனசு அந்த வழியில் போக ஆரம்பித்தால் நல்ல இடத்தில் போயா நிற்கும்? நேரே அம்மாவிடம் போய் நின்றது.

அம்மா மௌத்தானபோது அவருக்கு லீவு கிடைக்கவில்லை. ஷரீபாதான் போனில் சொன்னாள். “தண்ணி கேட்டாங்க, குடுத்தேன். கலிமா சொன்னாங்க. அஹதுன்னு உங்க பேரைச் சொன்னாங்க. கஷ்டமே படலைங்க.” அந்த நாலு வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டுதான் மனுஷன் அத்தனை காலம் அங்கே வண்டி ஓட்டினார். டிராஃபிக்கில் நிற்கும்போதெல்லாம் அதை ஒருதரம் மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொள்வார். இப்போது அந்த நாலு வாக்கியத்தின் மேலும் கறுப்பு ஒட்டிக்கொண்டது. ஆயில் மாற்றாமலே மாற்றியதாகச் சொல்லத் தெரிந்தவளுக்கு, தூரத்தில் இருக்கிற புருஷன் அழக்கூடாதென்று இதையும் சொல்லத் தெரியாதா?

அன்று மதியமே மன்னார்புரத்தில் நல்லதம்பியின் ஷெட்டுக்குப் போனார். ஷரீபா வண்டி விடுவது அங்கேதான்.

“அக்கா போன வாரம் வந்தாங்களே பாய். நான்தான் மாத்திவிட்டேன். பதினஞ்சு நாப்பது ஆயில், ஃபில்டரும் புதுசு” என்றான் நல்லதம்பி.

“பில் இருக்கா?”

“பில்லா?” என்று நல்லதம்பி வாய்விட்டுச் சிரித்தான். “டீ சாப்பிடுறீங்களா பாய்?”

நல்லதம்பி பொய்யே பேசாதவன் என்று அவனைப் பெற்றவள்கூடச் சொல்லமாட்டாள். ‘நாளைக்குக் காலைல வண்டி ரெடி’ என்று அவன் சொன்னதை நம்பி ஏமாந்தவர்கள் திருச்சியில் பாதிப் பேர். அதனால் அவன் சொன்ன ஒரே உண்மையும் அஹத் காதில் ஏறவில்லை. இவனும் அவளும் சேர்ந்து பேசிவைத்துக்கொண்டு சொல்கிறார்கள் என்று நினைத்தார். அதற்கு மேலும் ஒரு நினைப்பு எட்டிப் பார்த்தது. அதற்கு அவரே பயந்து, டீயைக் குடிக்காமல் எழுந்து வந்துவிட்டார்.

கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய் என்று சொல்லிவைத்தவர்கள், யாரை யாரிடம் விசாரிப்பது என்றும் சேர்த்துச் சொல்லியிருக்கலாம். அஹத் அஸர் தொழுதுவிட்டு வந்த கையோடு ஜமாலைப் பிடித்தார். ஜமால் அவர் அம்மாவுக்குத் தம்பி முறை, எதிர்வீட்டுக்காரர், ஜனாஸாவைத் தூக்கியவர்களில் ஒருவர்.

“மாமா, அம்மா போனப்ப நீங்க பக்கத்துல இருந்தீங்களா? கஷ்டப்பட்டாங்களா?”

ஜமால் அவரை ஒரு மாதிரியாகப் பார்த்தார். “நான் வர்றப்ப எல்லாம் முடிஞ்சிருச்சுப்பா. பக்கத்துல இருந்தது ஷரீபா மட்டும்தான். ஏன், அவ சொல்லலையா உன்கிட்ட?”

“சொன்னா. சும்மாதான் கேட்டேன்.”

சும்மா கேட்கிற கேள்வியா அது? ஜமாலின் வீட்டுக்காரி ஜன்னலோரத்தில்தான் நின்றுகொண்டிருந்தார்.

மறுநாள் அஹத் ஷரீபாவிடம் கார் சாவியைக் கேட்டு வாங்கிக்கொண்டார். “எஞ்சினைக் கெடுத்து வெச்சிருக்கே. நான் சரி பண்ற வரைக்கும் நீ வண்டி எடுக்க வேணாம். அதுக்கப்புறமும் எடுக்கணுமான்னு யோசிப்போம்.” தொழிலையே பிடுங்குகிற பேச்சு இது. ஷரீபா முகம் வெளுத்தது. ஆனாலும் சாவியை ஆணியிலிருந்து எடுத்து அவர் கையில் வைத்தாள்.

“நாளைக்குக் காலைல ரெங்கம்மாக்காவை ஏத்தணும். படி இறங்குறப்ப இடது கையைப் பிடிச்சுடாதீங்க. அதுலதான் ஊசி போடுறாங்க” என்று மட்டும் சொன்னாள்.

அஹத் பாலக்கரைக் கடையொன்றில் போய், தம்மாமில் ஊற்றிப் பழகிய ஆயிலைக் கேட்டார். அஞ்சு முப்பது, முழு சிந்தெடிக், தண்ணீர் போல ஓடுகிற ரகம். எந்த வண்டிக்கு என்று கடைக்காரர் கேட்டார். சொன்னதும், “இவ்வளவு பழைய டீசல் எஞ்சினுக்கு இது மெலிசா இருக்கும் பாய், பதினஞ்சு நாப்பது கொண்டுபோங்க” என்றார். எல்லாரும் நல்லதம்பியின் ஆட்களாகவே தெரிந்தார்கள் அஹதுக்கு. “நான் கேட்டதைக் குடுங்க” என்று வாங்கிக்கொண்டு, வேறொரு பட்டறையில் விட்டு, பக்கத்திலேயே உட்கார்ந்து மாற்ற வைத்தார். வடிந்த ஆயிலைப் பார்த்து முகம் சுளித்தார். புது ஆயில் உள்ளே இறங்கியதும், எஞ்சினைக் கிளப்புவதற்கு முன்பே கோலை உருவிப் பார்த்தார். பொன் போல இருந்தது. பார்த்தாயா என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

திங்கட்கிழமை காலை அடையவளஞ்சான் வீதியில் ரெங்கம்மாள் வாசலுக்கு வந்து, டிரைவர் சீட்டில் ஆண்பிள்ளையைப் பார்த்துத் தயங்கினார்.

“ஷரீபா வரலையாப்பா?”

“அவளுக்கு உடம்பு சரியில்லைங்கம்மா. நான் அவ வீட்டுக்காரர்.”

பொய்யைத் தேடிப் புறப்பட்ட மனுஷன், தன் வாயிலிருந்து எவ்வளவு சுலபமாக ஒன்று வந்து விழுந்தது என்பதைக் கவனிக்கவில்லை. “ஐயோ, நல்லா பாத்துக்குங்க தம்பி. அது இல்லேன்னா நான் இல்ல” என்றபடி ரெங்கம்மாள் ஏறி உட்கார்ந்தார்.

போகும்போது வண்டி வழுக்கிக்கொண்டு போனது. திரும்பும்போதுதான் வினை வந்தது. நல்ல மதிய வெயில். காவிரிப் பாலத்தில் ஏதோ ஒரு பஸ் நின்றுபோய் வண்டிகள் அசையவில்லை. பின்சீட்டில் ரெங்கம்மாள் ரத்தம் சுத்தம் செய்த அசதியில் கண்ணை மூடிக் கிடந்தார். அஹத் எஞ்சினை ஓடவிட்டபடி நின்றார். கண் முன்னால் ஆயில் விளக்கு சிவப்பாக ஒருதரம் மினுக்கி அணைந்தது. மறுபடி மினுக்கியது. பிறகு மினுக்கிக்கொண்டே இருந்தது.

டிரைவருக்கு அந்தச் சிவப்பு என்ன அர்த்தம் என்று யாரும் சொல்லித்தர வேண்டாம். உள்ளே எண்ணெய் அழுத்தம் விழுகிறது, இரும்பும் இரும்பும் உரசப் போகிறது. எஞ்சினை அணைத்தால் ஏசி நின்றுவிடும்; கிழவிக்கு அந்தப் புழுக்கம் ஆகாது. அணைக்காவிட்டால் பாலத்தின் நடுவிலேயே எஞ்சின் இறுகிப் பிடித்துக்கொள்ளலாம். ஆக்ஸிலேட்டரை லேசாக மிதித்தால் விளக்கு அணைந்தது, காலை எடுத்தால் எரிந்தது. மிதித்த காலை எடுக்காமல், யா அல்லா யா அல்லா என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டே நின்றார்.

“ஏம்ப்பா வண்டி இப்படிக் கத்துது? ஷரீபா ஓட்டுறப்ப சத்தமே வராதே” என்றார் ரெங்கம்மாள் கண்ணைத் திறக்காமல்.

எப்படியோ வழி விட்டது. வீட்டு வாசலில் இறக்கும்போது அவசரத்தில் இடது கையைப் பிடிக்கப்போய், ஷரீபா சொன்னது ஞாபகம் வந்து கையை இழுத்துக்கொண்டார். ரெங்கம்மாள் உள்ளே போனதும் பானெட்டைத் திறந்து, டிஷ்யூவை எடுத்துக் கோலைத் துடைத்தார். கருகருவென்று இருந்தது. முந்தின நாள் பொன்னாக இருந்த அதே ஆயில்!

அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். அஹதுக்கு இப்போது கடைக்காரர் பேயாகத் தெரிந்தார். டூப்ளிகேட் ஆயிலைத் தலையில் கட்டிவிட்டார் என்று பாலக்கரைக்குப் போய்க் கத்தினார். கடைக்காரர் அசரவில்லை. “டீசல் வண்டி பாய். கரியெல்லாம் ஆயில்லதான் சேரும். கருக்கலேன்னாத்தான் கவலைப்படணும்” என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளைப் பார்க்கப் போய்விட்டார். தன் சரக்கை விட்டுக்கொடுப்பாரா என்று அஹத் நினைத்தார். பட்டறைக்காரன் பழைய ஆயிலைப் பாதி உள்ளேயே விட்டுவிட்டானோ என்றும் நினைத்தார்.

கடைசியில் யாரையும் நம்புவதில்லை என்று முடிவுக்கு வந்தார். மறுநாள் வேறு கடையில், சீல் உடையாத கேனாகத் திருப்பித் திருப்பிப் பார்த்து வாங்கினார். விளக்கு மினுக்கியதில் வந்த பயத்தில் இந்தத் தடவை பதினஞ்சு நாப்பதுதான். வீட்டு வாசலில் சாக்கை விரித்து, காருக்கு அடியில் தானே படுத்து, கடைசிச் சொட்டு வரை வடியவிட்டு, ஃபில்டரைத் தன் கையாலேயே மாட்டி, சீலைத் தானே உடைத்து ஊற்றினார். ஷரீபா துணி காயப்போட வந்தவள் சாக்கைத் தாண்டிப் போனாள், வந்தாள்.

கை கழுவிவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு தஞ்சாவூர் ரோட்டில் விட்டார். எஞ்சின் அமைதியாக ஓடியது. சிக்னலில் நின்றபோதும் சிவப்பு விளக்கு எட்டிப் பார்க்கவில்லை. துவாக்குடி வந்ததும் ரோட்டோரம் நிறுத்தி, கொஞ்சம் ஆறவிட்டு, கோலை உருவினார்.

டிஷ்யூ கறுப்பாகத்தான் வந்தது.

அஹத் அந்தப் பேப்பரைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றார். தஞ்சாவூர் பஸ்கள் புழுதியை வாரி அடித்துக்கொண்டு போயின. கடைக்காரர் இல்லை, பட்டறைக்காரன் இல்லை, நல்லதம்பி இல்லை. உடைத்ததும் ஊற்றியதும் ஓட்டியதும் அவரேதான். சந்தேகப்பட ஊரில் ஆள் தீர்ந்துபோன பிறகுதான் மனுஷனுக்குத் தன் நினைப்பு வந்தது. அவள் போன வாரம் மாற்றியிருக்கிறாள். அதற்கு முன்னாலும் மாற்றியிருக்கிறாள். ‘மாத்திட்டேங்க’ என்று சொன்ன ஒவ்வொரு தடவையும் மாற்றியிருக்கிறாள். புதிதாக ஊற்றிய ஆயிலை வடித்து எறிந்துவிட்டு, அவள் வருஷக்கணக்காகக் கட்டிக்காத்த எஞ்சினை ஒரே காலைப் பொழுதில் சாகக் கொடுக்கப் பார்த்தது அவர்தான்.

முதலில் வந்தது வெட்கம் இல்லை, சந்தோஷம். அதைச் சொல்லத்தான் வேண்டும். அவள் பொய் சொல்லவில்லை என்றால் அம்மாவும் கஷ்டப்படாமல்தான் போயிருக்கிறார். அவருக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. உடனே வீட்டுக்குப் போக வேண்டும், அவளுக்கு ஏதாவது வாங்கிப்போக வேண்டும் என்று தோன்றியது. வழியில் ஒரு பேக்கரி முன்னால் நிறுத்தி இறங்கினார். என்ன வேண்டும் என்று கேட்டான் கடைக்காரன். ஷரீபாவுக்கு என்ன பிடிக்கும் என்று அஹதுக்குத் தெரியவில்லை. யோசித்து யோசித்துப் பார்த்துவிட்டு, வெறுங்கையோடு வண்டி ஏறினார்.

வீட்டுக்குள் நுழையும்போதே பரிசு கொண்டுவருகிறவர் மாதிரி சத்தமாகச் சொன்னார். “ஷரீபா! நீ சொன்னது சரிதான். நானே மாத்தி, நானே ஓட்டிப் பாத்துட்டேன். அப்படித்தான் கருத்துப்போகுது.”

ஷரீபா முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். கையை நிறுத்தவில்லை.

“நான் சொன்ன அன்னைக்கே அது சரிதாங்க.”

“தப்புதான். என் புத்தி அப்படிப் போயிருச்சு. சாவியைப் பிடி. நாளையிலேர்ந்து நீயே எடு.” சாவியை முறத்தின் பக்கத்தில் வைத்தார். அவள் எடுக்கவில்லை.

“ஜமால் மாமாகிட்ட போய் அத்தை மௌத்தைப் பத்தி விசாரிச்சீங்களாமே?”

அஹதுக்கு வெட்கம் இப்போதுதான் வந்தது, மொத்தமாக வந்தது.

“மாமி வந்து கேக்குறாங்க, ‘ஏன் ஷரீபா, உன் வீட்டுக்காரருக்கு உன் மேல என்ன சந்தேகம்’னு. நான் என்னங்க சொல்ல? அத்தை தலை என் மடியிலதான் இருந்துச்சு. வாயில தண்ணி ஊத்துனது இந்தக் கைதான். அப்ப வேற யாரும் பக்கத்துல இல்ல.” இப்போதுதான் தலையை நிமிர்த்தி அவரைப் பார்த்தாள். “ஆயிலை நீங்களே ஊத்திப் பாத்துட்டீங்க, சரி. இதை எந்தப் பேப்பர்ல தொடச்சுப் பாப்பீங்க?”

அவள் கீரையை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போனாள். திரும்பி வந்து சாவியை எடுத்துக்கொண்டாள்; அடுத்த நாள் ரெங்கம்மாளுக்கு டயாலிசிஸ் இருந்தது.

அதற்குப் பிறகு சண்டை ஒன்றும் இல்லை. ஷரீபா வழக்கம்போல் ஸ்ரீரங்கம் போய் வந்தாள். துணி துவைத்தாள், கேட்டதற்குப் பதில் சொன்னாள். ஊரில் கேட்டால் நல்ல குடும்பம் என்றுதான் சொல்வார்கள். அஹத் மட்டும் அந்த நாலு வாக்கியத்தை மனசுக்குள் சொல்லிப் பார்க்கும்போதெல்லாம் ‘அஹதுன்னு உங்க பேரைச் சொன்னாங்க’ என்ற இடத்தில் வந்து நின்றுவிடுவார். அம்மா நிஜமாகவே சொன்னாரா என்று ஒரே ஒரு தடவை ஷரீபாவிடம் கேட்டுவிட ஆசை. கேட்க வாய் இல்லை. அந்த வாயைத் தானே கெடுத்துக்கொண்டார்.

ஒருநாள் மதியம் அவள் திரும்பி வர நேரமாகிவிட்டது. ஆஸ்பத்திரியில் ரெங்கம்மாளுக்கு மயக்கம் வந்து, தெளியும்வரை இருந்து கொண்டுவந்து விட்டிருக்கிறாள். வந்தவள் முகம் கழுவி, லுஹர் தொழுதுவிட்டு, அடுப்படிக்குப் போய்ச் சத்தமில்லாமல் வேலை பார்த்துவிட்டு, கூடத்து ஃபேனுக்கு அடியில் கண்ணை மூடிச் சாய்ந்து உட்கார்ந்தாள். அவள் முகத்தில் இருந்த களைப்பைப் பார்க்க அஹதுக்குப் பொறுக்கவில்லை. கிட்டப் போய் நின்றார். ஊருக்கு வந்ததிலிருந்து முதல் தடவையாக வண்டியைப் பற்றி இல்லாத ஒன்றை, அவளைப் பற்றி, அவளிடம் கேட்டார்.

“சாப்பிட்டியா ஷரீபா?”

“சாப்பிட்டேங்க” என்றாள் அவள் கண்ணைத் திறக்காமல். கொஞ்சம் பொறுத்து, கோபமே இல்லாத குரலில் சொன்னாள். “வேணும்னா சட்டியைத் தொறந்து பாத்துக்குங்க.”